நெட்வொர்க் லூப்பில் மாட்டிய அனுபவங்கள்

மார்த்தாண்டம்காரன்:
ஐப்பசி மழை நேரம். இங்கே ஒரு மூன்று மாடி ஜவுளிக்கடையிலிருந்து போன்: "தம்பி, பில்லிங் மொத்தமா நின்னு போச்சு, உடனே வா." இடியில் ஸ்விட்ச் (கம்ப்யூட்டர்களை கேபிளால் இணைக்கும் பெட்டி) போயிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். எதுவும் போகவில்லை. கேபிள் செருகும் எல்லா போர்ட்டிலும் விளக்குகள் ஒரே தாளத்தில், சாமி வந்த மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. சரி, லூப்தான்: கேபிள் எங்கோ வட்டமாக இணைந்து, தகவல் அதிலேயே சுற்றுகிறது.

ஒவ்வொரு மாடியையும் மெயின் ஸ்விட்சோடு இணைக்கும் அப்லிங்க் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். முதல் மாடியைக் கழற்றியதும் மற்ற இடங்களில் பில் ஓட ஆரம்பித்தது. அங்கே கவுண்டருக்கு அடியில் ஒரு எட்டு போர்ட் குட்டி ஸ்விட்ச். தரை துடைத்த அக்கா, தொங்கிக் கிடந்த கேபிள் முனையை நல்ல மனதோடு அதில் செருகியிருக்கிறார். மறுமுனையும் அதே ஸ்விட்சில்! இணையத் தகவல் பொட்டலமான ஐபி பாக்கெட்டுக்காவது டிடிஎல் என்று ஓர் ஆயுசு உண்டு. அதைச் சுமந்து கேபிளில் ஓடும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அதுவும் கிடையாது. எல்லாருக்கும் அனுப்பும் ஒரு பிராட்காஸ்ட் உள்ளே போனால் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

மெயின் ஸ்விட்சில், லூப் வந்தால் ஒரு வழியை அடைத்துவைக்கும் ஸ்பேனிங் ட்ரீ இருந்தது, ஆனால் அணைத்து வைத்திருந்தது. அணைத்தது நான்தான். காலையில் கம்ப்யூட்டருக்கு ஐபி முகவரி கிடைக்கவில்லை என்று முன்பு ஒரு புகார். ஸ்பேனிங் ட்ரீ லூப் இருக்கிறதா என்று கேட்க 15, முகவரிகளைக் கற்க 15 என்று போர்ட் திறக்க 30 விநாடி ஆனதால் வந்த வினை. கம்ப்யூட்டர் போர்ட்டுகளை, காத்திருக்காமல் திறக்கும் எட்ஜ் என்று குறித்திருந்தால் முடிந்திருக்கும். சோம்பலில் மொத்தத்தையும் அணைத்துவிட்டேன். 1985இல் ரேடியா பெர்ல்மன் என்ற பொறியாளர் யோசித்துக் கொடுத்த ஸ்பேனிங் ட்ரீயை ஒரே கிளிக்கில்!

இப்போது ஸ்பேனிங் ட்ரீயின் வேகமான வடிவமான ஆர்எஸ்டிபி, எட்ஜ் போர்ட்டுகளில் பிபிடியு கார்டு (அங்கே ஸ்பேனிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட்டை மூடும் காவல்). அப்புறம் மாடிகளுக்கு இடையே இரண்டாவது கேபிளும் இழுத்தேன். முதலாளி பதறிவிட்டார்: "ஒரு வயராலதான இவ்வளவும், நீ இன்னொண்ணு போடுதியே?" அவர் கண்முன்னே முதல் கேபிளைப் பிடுங்கினேன். அடுத்த பில் வழக்கம்போல வந்தது.

கோட்டாறு அண்ணாச்சி:
ரூட், அதாவது ஸ்பேனிங் ட்ரீக்குத் தலைமை ஸ்விட்ச், யார் என்று பார்த்தீர்களா தம்பி? பிரையாரிட்டி எண் சிறியதுக்குத்தான் தலைமை; நாங்கள் அதைத் தொடவே இல்லை, எல்லாம் 32768. எண் சமமானால் மேக் முகவரி (ஸ்விட்சின் வன்பொருள் எண்) பார்ப்பார்கள்; அது சிறியது என்பதால் மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய ஸ்விட்ச் ரூட் ஆகிவிட்டது. ஓடியதும் மெதுவான பழைய ஸ்பேனிங் ட்ரீயான எஸ்டிபி. அதற்குக் கரண்ட் போனால் ஆபீஸ் முழுக்க 50 விநாடி வரை மௌனம். யுபிஎஸ் மேல்தான் பழி போட்டுக்கொண்டிருந்தோம்.

மார்த்தாண்டம்காரன்:
பார்த்தேன் அண்ணாச்சி. மெயின் ஸ்விட்சுக்கு 4096 கொடுத்துவிட்டேன்.

குளச்சல் பையன்:
எங்கள் ஆபீசில் நெட்வொர்க்கில் ஓடும் ஐபி போனின் இரண்டு போர்ட்டையும் சுவரில் செருகிவிட்டார்கள், அதுவும் லூப். கேட்டால், "ரெண்டு ஓட்டை இருந்தது, ரெண்டுலயும் மாட்டினோம்."