பழைய 5 சீரிஸ்: ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கலாமா?

புதுவரவு
வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் அவசரம். பழைய பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். பளபளன்னு இருக்கு, சர்வீஸ் புக்ல நிறைய ஸ்டாம்ப் இருக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள 500 அட்வான்ஸ் கொடுக்கலைன்னா வேற ஆளுக்குப் போயிடும்னு சொல்றார். திங்கள்லேர்ந்து நைட் ஷிப்ட், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. எஞ்சின் நல்லா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? சீக்கிரம் சொல்லுங்க.

பிராம்ப்டன்வாசி
கார்ஃபாக்ஸ், அதான் வண்டியோட பழைய வரலாற்று அறிக்கை, எடுத்தீங்களா? அதை முதல்ல எடுங்க. அப்புறம் வண்டிக்கு அடியில டார்ச் அடிச்சு துரு பாருங்க. பனிக்காக ரோட்டுல கொட்டுற உப்பு எஞ்சின் தாங்கியையும் பிரேக் பைப்பையும் தின்னுடும். விண்டர் டயர் நாலும் சேர்த்துக் கேளுங்க. என்னைக் கேட்டா கொரோலா எடுத்துட்டு நிம்மதியா இருங்க.

ஹாரோ அண்ணை
தம்பி, காரைப் பாக்க முந்தி இன்சூரன்ஸ் எவ்வளவு வருகுது எண்டு பாத்தனீங்களோ? புதுசா வந்த ஆளுக்கு ஊர்ல ஓடின வருசக் கணக்கை இஞ்ச கனபேர் கணக்கெடுக்க மாட்டினம். 5 சீரிஸ் எண்டால் சில வேளை கார்க் காசின்ர பாதி இன்சூரன்ஸுக்கே போயிடும். முதல் ஆறு மாசம் சின்னக் கார் ஒண்டை எடுத்து ஓடுங்கோ. முதல் குளிருக்கு பஸ் தரிப்பில நிண்டு நடுங்கினால் எல்லாருக்கும் பெரிய கார் ஆசை வரும்தான்.

டெர்பி ஸ்பேனர்
இன்சூரன்ஸ், உப்பு எல்லாம் இருக்கட்டும். எந்த நாடு, எந்த வருஷம், பெட்ரோலா டீசலா, எத்தனை மைல், டீலரா தனி ஆளா? இது எதையும் சொல்லாம "5 சீரிஸ் எஞ்சின் நல்லதா"ன்னு கேட்டா பதில் கிடையாது. அந்தப் பேருக்குக் கீழ கல்லு மாதிரி எஞ்சினும் இருக்கு, காசைத் தின்னுற எஞ்சினும் இருக்கு.

புதுவரவு
மன்னிக்கணும். யூகே, பர்மிங்ஹாம். 2012 மாடல் 520டி, ஆட்டோமேட்டிக், 98,000 மைல், 6,200 பவுண்ட். விக்கிறவர் "பிரைவேட் சேல்"ன்னு சொல்றார், ஆனா வாசல்ல இன்னும் மூணு கார் நிக்குது.

டெர்பி ஸ்பேனர்
அப்போ அது என்47ங்கிற டீசல் எஞ்சின். வி5சி லாக்புக்ல, அதாவது வண்டியோட பதிவுப் பத்திரத்துல, எஞ்சின் எண் இருக்கும், அதுல என்47டி20ன்னு இருக்கான்னு பார்த்து உறுதி பண்ணிக்கோங்க.

இந்த எஞ்சின்ல டைமிங் செயின், அதாவது வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓட வைக்கிற சங்கிலி, பின்பக்கம் இருக்கு. அதாவது கேபின் சுவரை ஒட்டி, கியர்பாக்ஸ் பக்கம். செயினும் அதைத் தாங்குற பிளாஸ்டிக் கைடும் தேய்ஞ்சா மாத்த கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்கணும். பொருள் சில நூறு பவுண்ட்தான். கூலியோட சேர்த்து 2,000ஐச் சுத்தி வந்து நிக்கும். மாத்தாம ஓட்டி செயின் அறுந்தா வால்வு பிஸ்டன்ல இடிச்சு எஞ்சினே போயிடும். 2007 முதல் 2011 வரை வந்த வண்டிகள்லதான் அதிகம். அதுக்கப்புறம் வந்ததுல குறைவு, ஆனா இல்லைன்னு சொல்ல முடியாது.

காதுதான் முதல் கருவி. எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, பானெட்டைத் திறந்து முன் கண்ணாடிப் பக்கமா காது வைங்க. அப்புறம் ஆக்சிலரேட்டரை மெதுவா 1,500லேர்ந்து 2,000 ஆர்பிஎம் வரைக்கும் ஏத்தச் சொல்லுங்க. டீசலோட வழக்கமான தட்தட் சத்தம் வேற. தகரத்துல சங்கிலியை இழுக்குற மாதிரி ஒரு உரசல், ஆர்பிஎம் ஏற ஏற கூடவே ஏறி வந்தா, அந்த வண்டியை விட்டுடுங்க. கண்ணாடியை ஏத்திட்டு உள்ள உக்காந்திருந்தா இது கேக்கவே கேக்காது.

ஸ்டாம்ப் எண்ணிக்கையில மயங்காதீங்க. வண்டியே காட்டுற சர்வீஸ் இடைவெளி கிட்டத்தட்ட 18,000 மைல் இல்லன்னா 2 வருஷம். அந்தக் கணக்குல ஆயில் மாத்தின வண்டிக்கு ஸ்டாம்ப் எல்லாம் சரியாவே இருக்கும், செயின் தேய்ஞ்சிருக்கும். பில்லைக் கேளுங்க. 10,000 மைலுக்கு ஒரு தடவை, பிஎம்டபிள்யூவோட லாங்லைஃப்-04 தரத்து ஆயில், 5 லிட்டருக்குக் கொஞ்சம் மேல, கூடவே ஃபில்டர்னு இருந்தா அது பேணின வண்டி.

ரெடிங் ராஜி
எல்லாரும் என்47னாலே பேய் மாதிரி பயமுறுத்துறீங்க. 2 லட்சம் மைல் தாண்டி டாக்ஸியா ஓடுற 520டி எத்தனையோ இருக்கு. மோட்டார்வேயிலேயே ஓடின வண்டின்னா 98,000 பெரிசே இல்ல. எனக்கு பயம் டிபிஎஃப், அதாவது டீசல் புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் மேலதான். அந்த ஃபில்டர் புகைக்கரியை எரிச்சுத் தள்ளணும்னா, நிறுத்தாம 15, 20 நிமிஷம் நல்ல வேகத்துல ஓடணும். வீட்லேர்ந்து வேலைக்கு 3 மைல்தான்னா டீசலே வேண்டாம். எரிப்பு பாதியில நின்னு நின்னு, கூடுதலா பீச்சின டீசல் ஆயிலோட கலந்து ஆயில் மட்டம் ஏறும். ஆயில் குறைஞ்சா மட்டும்தான் தப்புன்னு நினைக்காதீங்க, அளவுக்கு மேல ஏறியிருந்தாலும் தப்புதான்.

டீசல் வேண்டாம்னா 2009 போல 530ஐ பெட்ரோல் பாருங்க. என்52 ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது, பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுற நேரடி இன்ஜெக்ஷன் கிடையாது. சாகாத எஞ்சின்.

டெர்பி ஸ்பேனர்
ராஜி, டாக்ஸி விஷயம் சரி. 530ஐ விஷயத்துல ஆளை மாட்டி விட்டுடாதீங்க. என்52 நல்லதுன்னு யூடியூப்ல சொல்றவங்க பெரும்பாலும் அமெரிக்கா. 2007லேர்ந்து இங்க வந்த 525ஐ, 530ஐயில இருக்கிறது என்53. அது நேரடி இன்ஜெக்ஷன்தான். இன்ஜெக்டர், பெட்ரோல் ஹை பிரஷர் பம்ப், புகையில நச்சு வாயுவை அளக்குற நாக்ஸ் சென்சார் எல்லாம் வரிசையா செலவு வைக்கும். வண்டி மேல ஒட்டின பேர் ஒண்ணு, எஞ்சின் வேற. வாங்குறதுக்கு முன்னாடி எஞ்சின் கோடு பாருங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

பென்ஸ்பிரியன்
பிஎம்டபிள்யூவை விடுங்க. அதே காசுக்கு 2010 மெர்சிடிஸ் இ350 சிடிஐ கிடைக்கும். வி6 டீசல், எஞ்சின் கோடு ஓஎம்642. செயின் தொல்லை கிடையாது, இழுவை அபாரம்.

டெர்பி ஸ்பேனர்
நல்ல எஞ்சின்தான். ஆனா ஆயில் கூலர் வி வடிவத்துக்கு நடுவுல உக்காந்திருக்கு. அதோட ரப்பர் சீல் காய்ஞ்சு ஆயில் பின்பக்கமா வழிஞ்சு, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல சொட்டும். பாக்குறவங்க கிராங்க் சீல்னு தப்பா சொல்லுவாங்க. சீல் விலை சொற்பம். அதை எட்ட டர்போ, இன்டேக் எல்லாம் கழட்டணும், ஒரு நாள் கூலிக்கு மேல. ஏற்கெனவே மாத்தின பில் இருந்தா தாராளமா எடுங்க.

ஹாரோ அண்ணை
உதெல்லாம் ஒரு பக்கம். பர்மிங்ஹாம் எண்டால் பழைய டீசல் சிட்டிக்குள்ள போக நாளுக்கு 8 பவுண்ட் எல்லோ? லண்டனில 12.50. டீசலை எடு எடு எண்டு சொன்னவையும் இவையள்தான், இப்ப வரி போடுறவையும் இவையள்தான். ரோட்டில பள்ளம், பார்க்கிங்குக்குக் காசு, கராஜுக்குப் போனால் மணித்தியாலத்துக்கு எவ்வளவு எண்டு கேக்கவே பயமாக் கிடக்கு.

ரெடிங் ராஜி
டயரை விட்டுட்டீங்க அண்ணா. காத்து போனாலும் ஓடுற ரன்ஃப்ளாட் டயர் நாலு மாத்தினா அந்த மாசம் வீட்ல ரசம் சோறுதான்.

பிராம்ப்டன்வாசி
இங்க கனடாவுல இன்சூரன்ஸ் எவ்வளவுன்னு கேட்டா, உங்க செலவுக்கு நீங்க அழவே மாட்டீங்க.

கவென்ட்ரி கலா
புலம்பல் போதும், பையன் ஞாயிற்றுக்கிழமை போகணும்.

அண்ணை சொன்ன 8 பவுண்ட் சாதாரண விஷயம் இல்ல. ஏ4540 ரிங் ரோடுக்கு உள்பக்கம் முழுக்க 2021 ஜூன்லேர்ந்து கிளீன் ஏர் ஸோன், அதாவது புகை அதிகம் விடுற வண்டிக்குக் கட்டணம் வாங்குற பகுதி. 24 மணி நேரமும் உண்டு. கட்டணம் இல்லாம போக டீசல்னா யூரோ 6 புகைத் தரம் வேணும், 2012 520டி பெரும்பாலும் யூரோ 5. உங்க வேலை அந்த வட்டத்துக்குள்ளன்னா மாசம் 20 ஷிப்டுக்கு 160 பவுண்ட். நைட் ஷிப்ட்னா நள்ளிரவு தாண்டி வண்டியை எடுக்கும்போது அடுத்த நாள் கட்டணமும் சேரும். அரசு இணையதளத்துல நம்பர் பிளேட்டைப் போட்டா கட்டணம் உண்டா இல்லையான்னு காட்டிடும்.

அதே நம்பரை எம்ஓடி (வருஷாந்திர வண்டிச் சோதனை) ஹிஸ்டரி பக்கத்துலயும் போடுங்க, இலவசம். ஒவ்வொரு வருஷ மைலும் வரும். 2017ல 70,000, 2018ல 52,000ன்னு இருந்தா கதை முடிஞ்சது. "ஆயில் லீக்"னு அட்வைசரி, அதாவது எச்சரிக்கைக் குறிப்பு, வருஷா வருஷம் வருதான்னு பாருங்க. எம்ஓடி பாஸ் ஆனதால எஞ்சின் நல்லதுன்னு அர்த்தம் இல்ல, செயினை அவங்க பார்க்கவே மாட்டாங்க. புகையில கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும்போது ஆற வைக்கிற இஜிஆர் கூலர் கசிஞ்சு தீப்பிடிக்கும்னு, இந்த டீசல்கள் பலதையும் சரி பண்ண 2018ல கம்பெனி ரீகால் பண்ணுச்சு. அந்த வேலை முடிஞ்சுதான்னு வின் நம்பரை (சேஸ் நம்பர்) வச்சுக் கேளுங்க.

மூணு கார் வாசல்ல நிக்குதுன்னு சொன்னீங்களே, அதுதான் எனக்கு உறுத்துது. வி5சியில அவர் பேர் இருக்கா? இல்லைன்னா அவர் பெரும்பாலும் வியாபாரி, பிரைவேட் வேஷம். டீலர்கிட்ட வாங்கினா 2015 நுகர்வோர் சட்டப்படி பெரிய கோளாறு வந்தா 30 நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம். தனி ஆள்கிட்ட அந்த உரிமை கிடையாது. அதனாலதான் அந்த வேஷம்.

டெர்பி ஸ்பேனர்
கலா சொன்னதோட இதையும் செய்யுங்க. 25 பவுண்டுக்கு ஒரு ஓபிடி ரீடர், அதாவது வண்டி கம்ப்யூட்டர்ல இருக்கிற எர்ரரைப் படிக்கிற கருவி, வாங்கிட்டுப் போங்க. எர்ரர் இல்லைன்னு காட்டினா சந்தோஷப்படாதீங்க, வண்டி தன்னைத்தானே சோதிச்சு முடிச்சுதான்னு காட்டுற ரெடினெஸ் பக்கத்தைப் பாருங்க. பல சோதனை "முடியலை"ன்னு இருந்தா நேத்துதான் யாரோ எர்ரரை அழிச்சிருக்காங்க. பிஎம்டபிள்யூவுக்கான ஆப் இருந்தா டிபிஎஃப் கடைசியா எத்தனை மைலுக்கு முன்னாடி எரிச்சதுன்னும், டீசலைப் பீச்சுற நாலு இன்ஜெக்டர்ல ஒண்ணோட திருத்த அளவு மட்டும் தனியா விலகி நிக்குதான்னும் பாருங்க.

ஐடில்ல, அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காம எஞ்சின் ஓடும்போது, ஆயில் மூடியைத் திறங்க. லேசா ஆவி வந்தா பரவாயில்லை, ரயில் மாதிரி புகை துடிச்சு துடிச்சு வந்தா பிஸ்டன் ரிங் போச்சு. அப்புறம் அரை மணி நேரமாவது ஓட்டுங்க, மோட்டார்வே சேர்த்து. திரும்பி வந்து 5 நிமிஷம் ஐடில்ல விட்டு, ஒருத்தரை ஆக்சிலரேட்டர் மிதிக்கச் சொல்லி பின்னாடி நில்லுங்க. நீலப் புகைன்னா ஆயில் எரியுது. இனிப்பு வாசனையோட வெள்ளைப் புகை நிக்காம வந்தா எஞ்சினைக் குளிர்விக்கிற கூலண்ட் எரியுது. இவ்வளவும் தேறினா, அட்வான்ஸுக்கு முன்னாடி ஒரு பிஎம்டபிள்யூ கராஜ்ல லிஃப்ட்ல தூக்கிப் பார்க்கச் சொல்லுங்க. 500 அட்வான்ஸ் போறதை விட அந்தச் செலவு குறைச்சல்.

புதுவரவு
ரொம்ப நன்றி. வேலை ரிங் ரோடுக்கு உள்ளதான் இருக்கு. எதுக்கும் பார்த்துட்டு வரலாம்னு அவர்கிட்ட நேரம் கேட்டேன். காலையில ரொம்பக் குளிரா இருக்கும், நீங்க வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிடறேன்னு சொன்னார். கூலண்ட் மூடியைத் திறந்து ஆயில் படலம் இருக்கான்னு பார்க்கலாமா?

டெர்பி ஸ்பேனர்
சூடா இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே தொடாதீங்க, முகம் வெந்துடும். நான் சொன்ன செயின் சத்தத்தை ஆறின எஞ்சின்லதான் கேட்டுப் பார்க்கணும், அதனால ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு அவருக்கு இப்பவே மெசேஜ் போடுங்க. போனதும் பானெட்ல கை வைங்க. சூடா இருந்தா சாவியை வாங்காம, ஆறினப்புறம் வேற நாள் வர்றேன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க.

கவென்ட்ரி கலா
வேலை ரிங் ரோடுக்கு உள்ளன்னா நான் இந்தக் காரைப் பார்க்கப் போகவே மாட்டேன். யூரோ 4ஓ அதுக்கு மேலயோ இருக்கிற பெட்ரோல் கார் எதுவா இருந்தாலும் அந்த 8 பவுண்ட் கிடையாது. பட்ஜெட்டும், ஒரு நாளைக்கு எத்தனை மைல்னும் போடுங்க, பார்ப்போம்.