ஸ்காட்லாந்துப் பெயர்ப் பதிவேடுகளை எவ்வளவு நம்பலாம்?

மணிமாறன்:
பிரிட்டன் அரசின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே, வரைபடத்தில் போட வேண்டிய பெயர்களுக்காக 1845 முதல் 1878 வரை ஸ்காட்லாந்தில் எழுதிய பெயர்ப் பதிவேடுகள் இப்போது இணையத்தில் இலவசம், தன்னார்வலர்கள் படித்துத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். பண்ணை, ஓடை, ஆலை, இடிந்த தேவாலயம் எதுவானாலும் பெயர், அதை எப்படியெல்லாம் எழுதுகிறார்கள், யார் சொன்னது, எங்கே இருக்கிறது எல்லாம் உண்டு. ஒரு மாடியா இரண்டா, கூரை கல் ஓடா வைக்கோலா என்றுகூடப் பல வீடுகளுக்கு எழுதியிருக்கிறார்கள். ஊர்ப்பெயரில் தகராறு வந்தால் இதுதான் கடைசி ஆதாரம் என்பேன்.

கயல்விழி:
ஒத்துக்கொள்ள முடியாது மணி சார். "யார் சொன்னது" பத்தியைப் பாருங்கள்: நிலக்கிழார், அவருடைய காரியஸ்தர், பாதிரியார், பள்ளி ஆசிரியர். சிறு விவசாயியையும் குடிசைக்காரரையும், அவர்கள் குடியிருக்கும் இடத்தின் பெயருக்குக்கூட நம்பக் கூடாது என்று சர்வேயின் விதிமுறையே சொன்னது. லூயிஸ் தீவை (நம் சுவடிகளைச் சேர்த்த காலின் மெக்கன்சி பிறந்த தீவு) 1850-ஐ ஒட்டி அளந்தபோது, அங்கே பேசும் கேலிக் மொழிப் பெயர்களை ஆங்கில ஒலிப்படி எழுதிவிட்டார்கள், 1890களின் பதிப்பில்தான் பலதும் கேலிக் எழுத்துக்கு வந்தது.

மணிமாறன்:
சரி, ஆனால் அது தப்பு என்று நீங்கள் இன்று சொல்ல முடிவதே பதிவேடு இருப்பதால்தானே? 1747-55இல் வில்லியம் ராய் ஸ்காட்லாந்தில் செய்த ராணுவ நில அளவையை எடுங்கள், பெயர் இருக்கிறது, யாரிடம் கேட்டார்கள் என்ற பேச்சே இல்லை. இங்கே ஏற்காத எழுத்துக்கூட்டலும் சொன்னவர் பெயரோடு பக்கத்திலேயே இருக்கிறது.

இளங்கோ:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், கட்டடங்களை விட்டுவிட்டீர்களே. ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டும் சர்வே வரைபடத்தின் முதல் பதிப்பு கூரை உள்ள வீட்டையும் இல்லாத வீட்டையும் வேறுபடுத்திக் காட்டுகிறது, கைவிடப்பட்ட ஊர்களை 1990களில் தொல்லியலாளர்கள் பட்டியலிட்டது அதை வைத்துத்தான். வீடுகளுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கயல்விழி:
வீட்டுக்குச் சரி. அந்தக் கூரையில்லாத வீட்டின் பெயரை யார் சொல்வது? வட ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்னேவர் பள்ளத்தாக்கில் 1814, 1819 வெளியேற்றங்களில் குடிகளைத் துரத்திவிட்டு ஆட்டுப் பண்ணை வைத்தார்கள், அளவையாளர்கள் வந்ததோ 1870களில். ஒவ்வொரு மேட்டுக்கும் பெயர் தெரிந்தவர்கள் அதற்குள் கடற்கரைக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். அங்கே மிஞ்சியதை எழுதிவிட்டு "இதுதான் பெயர்" என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பழைய குத்தகைக் கணக்குகளையும், எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட்டிஷ் ஆய்வுகள் பள்ளி 1951-க்குப் பிறகு கிராமத்தாரிடம் எடுத்த ஒலிப்பதிவுகளையும் பக்கத்தில் வைக்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

மணிமாறன்:
குத்தகைக் கணக்கை எழுதியதும் அதே காரியஸ்தர்தான்! ஒலிப்பதிவோ இன்னும் எண்பது, நூறு வருடம் பிந்தியது.

கயல்விழி:
பிந்தியதுதான், ஆனால் பேசுகிறவர் அந்த மேட்டில் ஆடு மேய்த்தவர், கேலிக்கிலேயே சொல்கிறார். மலைக்கும் மேய்ச்சல் குடிசைக்கும் நான் அவரைத்தான் முதலில் கேட்பேன். ஆலைக்கும் தேவாலயத்துக்கும் உங்கள் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.