சிங்கப்பூர் க்ரூஸ்: முந்தின நாள் எங்க தங்கறது?

நெல்லைக்காரன்: அப்பா அம்மாவோட அடுத்த மாசம் சிங்கப்பூர்ல இருந்து க்ரூஸ் போறோம், கப்பல் மெரினா பே க்ரூஸ் சென்டர்ல ஏறணும், ஒரு நாள் முன்னாடியே போயிடலாம்னு இருக்கோம். பக்கத்துலயே ரூம் போடவா, லிட்டில் இந்தியாவா? அம்மாவுக்கு இட்லி இல்லாம காலைல ஓடாது.

டீக்கடை பெஞ்சு: லிட்டில் இந்தியாதான் தம்பி, யோசிக்கவே வேணாம். மெரினா பே பக்கம் ரூம் வாடகை கேட்டா தல சுத்தும். அங்க சிராங்கூன் ரோடு பக்கம் தங்குனா வீரமாகாளியம்மன் கோயில், தேக்கா சென்டர் மார்க்கெட், முஸ்தபா கடை எல்லாம் நடந்தே போயிரலாம், ஆனா கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி முஸ்தபால பெட்டிய ரொப்பிராதீங்க, அத திரும்பி வரும்போது வச்சுக்கோங்க (என் வீட்டம்மா கேக்கல, அஞ்சு நாள் கேபின்ல கால் வைக்க எடமில்ல). சாயங்காலம் கார்டன்ஸ் பை த பே போங்க, 7.45க்கும் 8.45க்கும் லைட் ஷோ, காசு கெடையாது.

கடல்காத்து: முக்கியமான ஒண்ணு, ஹார்பர்ஃபிரண்ட்லயும் ஒரு க்ரூஸ் டெர்மினல் இருக்கு, டாக்சில வெறும் க்ரூஸ் சென்டர்னு சொல்லி நாங்க அங்க போய் முழிச்சோம். எம்ஆர்டி, அதான் மெட்ரோ ரயில்ல போறதுன்னா மெரினா சவுத் பியர் ஸ்டேஷன்ல எறங்கணும், லிட்டில் இந்தியால ஏறி தோபி காட்ல மாறுனா போதும். பெரியவங்க, பெட்டின்னா டாக்சியே நல்லது. கப்பல் மலேசியா பக்கம் போய்ட்டு வருதுன்னா சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியான்னும் (ஒரு தடவைக்கு மேல உள்ள வரலாமான்னு) பாத்துருங்க.

நெல்லைக்காரன்: அண்ணே ரெண்டு பேருக்கும் நன்றி, விசாவ இப்பவே எடுத்து பாக்குறேன்.