ஐ.வி. கேனுலா பயிற்சிக்கு இன்டராக்டிவ் வீடியோ: 60 மாணவர்கள், 2 மாடல் கை, எப்படிச் செய்வது?

ஸ்கில்லேப்_டியூட்டர்

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் மாணவர்களுக்கு ஐ.வி. கேனுலா (மருந்தும் திரவமும் ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் மெல்லிய குழாய்) போடுவதைச் சொல்லித்தர ஒரு இன்டராக்டிவ் பாடம் தயாரிக்க வேண்டும். மொத்தம் 60 பேர், பேட்சுக்கு 15 பேர். லேப் நேரம் 2 மணி. டெமோ காட்டவே 40 நிமிடம் போய்விடுகிறது. மிச்சமுள்ள 80 நிமிடத்தை இரண்டு மாடல் கைக்கு (ஊசி போட்டுப் பழகும் செயற்கைக் கை) பங்கிட்டால் ஆளுக்குப் பத்து நிமிடம்தான். ட்ரே அடுக்கி, கையுறை மாட்டுவதற்குள் அதிலும் பாதி தீர்ந்துவிடும். பின்வரிசையில் நிற்பவர்களுக்கு டெமோவில் டியூட்டரின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை.

அதனால் டெமோவை ஃபோனுக்கு மாற்றிவிட்டு, லேப் நேரம் முழுவதையும் கைப்பயிற்சிக்கு விடலாம் என்று திட்டம். கல்லூரியில் மூடில் (இணையவழிப் பாடத் தளம்) இருக்கிறது. ஹாஸ்டலில் நெட் சுமார்தான். மென்பொருள் வாங்கப் பணம் கிடையாது. கேட்க வேண்டியவை:

எந்தக் கருவியில் செய்வது? வீடியோ எவ்வளவு நீளம் இருக்கலாம், கேள்விகளை எந்த இடங்களில் வைப்பது? ட்ராப் ரேட் (நிமிடத்துக்கு எத்தனை சொட்டு) கணக்கையும் இதிலேயே சேர்க்கலாமா? மதிப்பெண்ணை இன்டர்னலில் (உள்மதிப்பீட்டில்) சேர்ப்பது சரியா?

---

மூடில்_மெக்கானிக்

கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், கிளினிக்கல் விஷயத்தை மற்றவர்கள் சொல்லட்டும்.

இன்டராக்டிவ் பாடம் தயாரிக்கும் கருவியான ஹெச்5பி போதும். இலவசம், மூடிலுக்குள்ளேயே இருக்கிறது. 3.9 பதிப்பிலிருந்து தனி ஆக்டிவிட்டியாகவே வந்துவிட்டது. கன்டென்ட் பேங்க்கில் ‘இன்டராக்டிவ் வீடியோ’வைத் தேர்ந்தெடுத்து உருவாக்குங்கள்.

வீடியோவைச் சரியாகத் தயார் செய்வதில்தான் பாதி வேலை. ஐஃபோனில் எடுத்தால் இயல்பாக ஹெச்.265 வடிவத்தில் பதிவாகும், பல ஆண்ட்ராய்டு ஃபோன்களின் பிரவுசரில் அது கறுப்புத் திரையாக நிற்கும், சத்தம் மட்டும் கேட்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஹெச்.264, எம்பி4, 720பி என்று மாற்றிக்கொள்ளுங்கள். பிட்ரேட் 1 எம்பிபிஎஸ் அளவில் வைத்தால் 4 நிமிட வீடியோ 30 எம்பி சுற்றளவில் அடங்கும். அங்கேயே ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்று ஒரு டிக் பெட்டி உண்டு. அதை விட்டுவிட்டால் சில ஃபோன்களில் கோப்பு முழுதும் இறங்கிய பிறகுதான் படம் ஓடத் தொடங்கும். ஹாஸ்டல் நெட்டில் அது பெரிய தொல்லை. அப்லோட் ஆகவில்லை என்றால் சர்வரின் பிஹெச்பி அமைப்பில் உள்ள அளவு வரம்பைக் கூட்டச் சொல்லுங்கள், மூடிலுக்குள் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது.

அமைப்புகளில் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

‘முழு மதிப்பெண் எடுத்தால்தான் மேலே செல்லலாம்’ என்பதை ஆன் செய்துவிட்டு ‘மறுமுயற்சி’யை ஆஃப் செய்தால், ஒரு தப்பு செய்த மாணவர் அங்கேயே பூட்டப்பட்டு நிற்பார். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

வீடியோவின் கடைசியில் வரும் ‘சப்மிட்’ பொத்தானை அழுத்தினால்தான் மூடிலுக்கு மதிப்பெண் போகும். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு டேபை மூடினால் ரிப்போர்ட்டில் வெறுமையாக இருக்கும். கடைசிக் காட்சியிலேயே பெரிய எழுத்தில் இதைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ‘மேடம், நான் முடிச்சிட்டேன்’ என்று 20 பேர் வந்து நிற்பார்கள்.

ட்ராக் அண்ட் ட்ராப் கேள்வியை வீடியோவின் மேலேயே வைக்காதீர்கள். ஃபோனை நிமிர்த்திப் பிடித்தால் வீடியோ கைவிரல் அகலத்துக்குச் சுருங்கிவிடும், எதையும் இழுக்க முடியாது. அதைத் தனிப் பாடமாக வையுங்கள். வீடியோவுக்குள் பலவுள் தெரிவுக் கேள்வி மட்டும் போதும்.

நெட் இல்லாதவர்களுக்கு லூமி என்ற டெஸ்க்டாப் செயலியில் அதே கோப்பைத் திறந்து ஹெச்டிஎம்எல்-ஆக ஏற்றுமதி செய்து பென்டிரைவில் கொடுக்கலாம். எல்லாம் ஒரே கோப்பாகவும் வரும், மீடியா தனியாகவும் வரும். ஒரே கோப்பாக எடுத்தால் வீடியோவும் உள்ளே பொதிந்துகொள்ளும், விலை குறைந்த ஃபோன் திணறும். எனவே 4 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். இதில் செய்த பயிற்சியின் மதிப்பெண் மூடிலுக்கு வராது.

ட்ராப் ரேட் கணக்கை ஹெச்5பியில் போட வேண்டாம். அதில் எண்கள் மாறாது, ஒருவர் போட்ட விடை மாலைக்குள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிடும். மூடில் குவிஸில் ‘கால்குலேட்டட்’ என்ற கேள்வி வகை இருக்கிறது. அளவு, ஐ.வி. குழாய் செட்டின் ட்ராப் ஃபாக்டர் (ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு), மணி நேரம் மூன்றையும் மாறிகளாகக் கொடுத்தால் அது வேறு வேறு எண் தொகுதிகளை உருவாக்கி மாற்றி மாற்றிக் கொடுக்கும். சூத்திரம் வழக்கமானதுதான்: மில்லி × ட்ராப் ஃபாக்டர் ÷ நிமிடம். 500 மில்லி, 4 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு செட் என்றால் 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. விடைக்கு ±1 சலுகை கொடுங்கள். எந்த எண்கள் வரலாம் என்ற வரம்பைக் கட்டாயம் பாருங்கள். அப்படியே விட்டால் நிமிடத்துக்கு 300 சொட்டு என்ற கணக்கும் வந்து நிற்கும். மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டைத் தனிக் கேள்வியாக வையுங்கள்.

---

வார்டு_இன்ஸ்ட்ரக்டர்

மெக்கானிக் சார் சொன்னது சரி. படம் எடுக்கும் கோணத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமரா செய்பவரின் வலது தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். எதிரே நின்று எடுத்தால் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும், மாணவர் அதை மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்ப்பதிலேயே பாதிக் கவனம் போய்விடும். ஸ்டீல் ட்ரேயும் வெள்ளை காஸ் துணியும் ஃபோன் கேமராவின் வெளிச்சத்தைக் குழப்பும். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிட்டு எடுங்கள். ஃபிளாஷ்பேக் சேம்பரில் (ஊசி ரத்தக்குழாய்க்குள் போனதும் ரத்தம் தெரியும் சிறு அறை) ரத்தம் ஏறுவதை மட்டும் தனியாக, மிக அருகில் எடுத்து இடையில் சேருங்கள்.

இனி கேள்விகள். ‘அடுத்த படி என்ன’ என்று எல்லா இடத்திலும் நிறுத்தினால் மனப்பாடத்தைத்தான் சோதிப்போம். வார்டில் கை தடுமாறும் இடங்களில் மட்டும் நிறுத்துங்கள். கேனுலாவில் அப்படி ஐந்து இடம் இருக்கிறது.

முதலாவது, கையைத் தேர்வது. நோயாளிக்கு இடது கையில் டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாய்), வலது கை அவர் வேலை செய்யும் கை. எந்தக் கை? ஃபிஸ்டுலா கையைத் தொடவே கூடாது என்பது வேலை செய்யும் கையைத் தவிர்க்கும் வழக்கத்தை விட மேலானது. இரண்டு விதிகள் மோதும் இடத்தில் கேட்டால்தான் புரிந்திருக்கிறதா என்று தெரியும்.

இரண்டாவது, துடைத்த பிறகு விரல் மறுபடி வெயினை (சிரையை) தொடுகிறது. அப்படியே குத்தலாமா? கூடாது. மறுபடி துடைத்து, தானாக உலர விட வேண்டும். ஊதியோ விசிறியோ உலர்த்தும் தெரிவையும் விடைகளில் போடுங்கள், பலர் அதில் விழுவார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம்: ஃபிளாஷ்பேக் தெரிந்த நொடி. வீடியோவை அங்கே உறைய வைத்து மூன்று வழி கொடுங்கள். கதீட்டரை (ஊசியின் மேல் உள்ள பிளாஸ்டிக் குழாயை) உடனே தள்ளுவது, அதே கோணத்தில் ஊசியை இன்னும் ஏற்றுவது, கோணத்தைத் தாழ்த்தி முழுக் கேனுலாவையும் 2–3 மி.மீ. முன்னேற்றிவிட்டுப் பிறகு கதீட்டரை மட்டும் நகர்த்துவது. ஸ்டைலெட்டின் (உள்ளே இருக்கும் ஊசியின்) முனை கதீட்டரின் நுனியைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். ரத்தம் தெரிகிறது என்றால் ஊசி முனை வெயினுக்குள் போயிருக்கிறது, கதீட்டர் இன்னும் வாசலில்தான். அப்போதே தள்ளினால் அது வெயின் சுவரில் முட்டி மடியும். அதே கோணத்தில் ஊசியை ஏற்றினால் பின்சுவரைத் துளைத்து வீங்கும். இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். குறுக்குவெட்டுப் படம் ஒன்றைத் தவறான விடைக்கான பின்னூட்டத்தில் வையுங்கள்.

நான்காவது, கதீட்டர் பாதி போய் நின்றுவிட்டது, ஊசி கொஞ்சம் பின்னால் வந்துவிட்டது. ஊசியை மறுபடி உள்ளே தள்ளலாமா? ஒருபோதும் கூடாது. கதீட்டரை ஊசி வெட்டிவிடும், துண்டு ரத்த ஓட்டத்தில் போகும். இரண்டையும் சேர்த்து வெளியே எடுத்து, புதுக் கேனுலா, புது இடம்.

ஐந்தாவது, ஸ்டைலெட்டை உருவும் வரிசை. டூர்னிக்கேயை (கையில் கட்டிய இறுக்குப் பட்டையை) தளர்த்தி, கதீட்டர் நுனிக்கு மேலே வெயினை அழுத்திக்கொண்டு, அதற்குப் பிறகு உருவுவது. டூர்னிக்கே இறுக்கமாக இருக்கும்போதே உருவினால் ரத்தம் படுக்கை விரிப்பில்.

தவறான ஒவ்வொரு தெரிவுக்கும் பின்னூட்டம் எழுத ஹெச்5பியில் தனி இடம் இருக்கிறது. ‘தவறு, மீண்டும் முயல்க’ என்று எழுதினால் அடுத்த பொத்தானை அழுத்தச் சொல்வதாகத்தான் ஆகும். அந்த முடிவை எடுத்தால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

மொழி பற்றி ஒன்று. பாடம் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள், ஆனால் நோயாளியிடம் பேசுவது தமிழில். ‘அம்மா, கையில ஊசி போட்டு குளுக்கோஸ் ஏத்தப் போறேன். சுருக்குனு கொஞ்சம் வலிக்கும், கையை அசைக்காதீங்க’ என்று வீடியோவிலும் பேச வேண்டும். மௌனமாக ஊசி போடும் டெமோ பார்த்தவர்கள் வார்டிலும் மௌனமாகத்தான் போடுவார்கள்.

ட்ராக் அண்ட் ட்ராப்புக்கு நல்ல இடம் கடைசியில் குப்பை பிரிப்பது. 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி ஸ்டைலெட் வெள்ளை ஷார்ப்ஸ் பெட்டிக்கு, ஐ.வி. செட்டும் ஊசி நீக்கிய சிரிஞ்சும் சிவப்புக்கு, ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சளுக்கு, கண்ணாடி ஆம்ப்யூல் நீலத்துக்கு. கேனுலாவின் கேஜையும் (தடிமனைக் காட்டும் எண்) நிறத்தையும் பொருத்தும் பயிற்சியும் இப்படியே: 18 பச்சை, 20 பிங்க், 22 நீலம், 24 மஞ்சள்.

---

ஆஸ்கி_எக்ஸாமினர்

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முன்னே தாண்டிச் செல்வதைத் தடுக்கும் அமைப்பை எல்லோரும் ஆன் செய்வார்கள். முதல் முறை பார்க்க அது சரி. தேர்வுக்கு முந்தைய இரவு, ஃபிளாஷ்பேக் காட்சியை மட்டும் பார்க்க வருபவரையும் கை கழுவுவதிலிருந்து உட்கார வைக்கும். பாடத்தை இரண்டு பிரதியாக வையுங்கள்: பூட்டியது ஒன்று, லேப் முடிந்ததும் திறக்கும் பூட்டாதது ஒன்று.

மதிப்பெண்ணை இன்டர்னலில் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் விடைதான் சுற்றும். லேபுக்கு நுழைவுச்சீட்டாக வைக்கலாம். மூடிலில் ‘முதல் முயற்சி’ மதிப்பெண்ணை எடுக்கும்படி வைத்தால் யாருக்கு எது தெரியவில்லை என்று நேர்மையாகத் தெரியும். லேபுக்கு முந்தைய மாலை ரிப்போர்ட்டைப் பாருங்கள். 15 பேரில் 11 பேர் நான்காவது கேள்வியில் விழுந்திருந்தால், மறுநாள் அதை மட்டும் ஐந்து நிமிடம் காட்டினால் போதும்.

லேபில் பெய்ட்டனின் நான்கு படி முறை இதனுடன் நன்றாகப் பொருந்தும். மாணவருக்கு விளக்கம் சொல்லாமல் ஒருமுறை செய்துகாட்டுவது, விளக்கத்துடன் செய்துகாட்டுவது என்ற முதல் இரண்டும் வீடியோவிலேயே முடிந்துவிடும். மூன்றாவதில் மாணவர் சொல்லச் சொல்ல டியூட்டர் செய்ய வேண்டும். அவர் சொல்லாததை டியூட்டர் செய்யக் கூடாது. டூர்னிக்கேயைத் தளர்த்தச் சொல்ல மறந்தால் சாய ரத்தம் கொட்டட்டும். 15 பேருக்கும் தனித்தனியாக முடியாது, ஒருவர் சொல்ல இன்னொருவர் செய்வது என்று ஜோடி சேருங்கள்.

மாடல் கையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சிக்கனத்துக்காக ஒரே கேனுலாவைப் பலருக்குக் கொடுப்பது வழக்கம். சில குத்துகளிலேயே ஊசி மழுங்கி, கதீட்டரின் நுனி பிசிறி விரிந்துவிடும். அதைக் கொண்டு பழகுபவர் பலமாக அழுத்தித்தான் குத்த வேண்டும் என்று கை மனப்பாடம் செய்துகொள்வார். நிஜக் கையில் அதே அழுத்தம் பின்சுவரைத் தாண்டும். வீடியோ தயாரிக்கச் செலவாகாத பணத்தைக் கேனுலா வாங்கச் செலவிடுங்கள்.

---

ஸ்கில்லேப்_டியூட்டர்

மூவருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம். வேண்டுமென்றே தப்பாகச் செய்யும் வீடியோ எடுத்து ‘பிழை கண்டுபிடி’ என்று கொடுக்கலாமா? நிஜ நோயாளியை எடுக்கலாமா என்றும் ஒருவர் கேட்டார்.

---

வார்டு_இன்ஸ்ட்ரக்டர்

பிழை வீடியோ நல்லதுதான், சரியான முறையை ஒருமுறை முடித்தவர்களுக்கு மட்டும். முதலில் அதைக் காட்டினால் தப்பான அசைவுதான் கையில் ஒட்டும். ஒரு வீடியோவுக்கு இரண்டு பிழைக்கு மேல் வேண்டாம். கிளிப் தனியாகப் பிரிந்து ஃபார்வேர்ட் ஆகும், எனவே ‘தவறான முறை’ என்ற எழுத்தைப் படத்தின் மேலேயே நிரந்தரமாகப் பதித்துவிடுங்கள், ஹெச்5பியின் லேபிளாகப் போட்டால் கிளிப்போடு வராது.

நிஜ நோயாளி வேண்டாம். பேசும் காட்சிக்கு ஒரு ஸ்டாஃப் படுக்கட்டும், குத்தும் காட்சிக்கு மாடல் கை. வார்டில் எடுத்தால் பின்னணியில் கேஸ் ஷீட், கைப்பட்டை, படுக்கைப் பலகையில் பெயர் தெரிகிறதா என்று ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.