லெகோ ரயில் பெட்டி வளைவில் மட்டும் தடம் புரளுது, ஏன்?

கேள்வி: 8 ஸ்டட் (லெகோ கட்டை மேல உள்ள குமிழ், அதை வச்சுத்தான் அளவு) அகலம், 44 ஸ்டட் நீளப் பெட்டி. போகி (பெட்டிக்கு அடியில் திரும்பும் சக்கரச் சட்டம்) மையங்களுக்கு நடுவே 32 ஸ்டட். நேர்த்தடத்தில் அருமையா ஓடுது. வளைவில் நுழைந்ததும் முன்போகி தண்டவாளத்து மேல ஏறிடுது.

பதில் 1: காந்தக் கொக்கி பெட்டியின் உடம்பில் மாட்டியிருக்கா? அப்போ அதுதான் வில்லன். வளைவில் பெட்டி முனை வெளியே நீட்டும், காந்தம் பக்கவாட்டில் இழுக்கும். கொக்கியைப் போகிக்கே மாற்றுங்க.

பதில் 2: கணக்கையும் பாருங்க. வழக்கமான வளைவுத் தடத்தின் ஆரம் 40 ஸ்டட். 16 துண்டு சேர்ந்தா முழு வட்டம். 32-ஐ வர்க்கமாக்கி 320-ஆல் (ஆரத்தைப் போல 8 மடங்கு) வகுத்தா 3.2. பெட்டியின் நடு அத்தனை ஸ்டட் உள்பக்கம் தள்ளும், பக்கத்துல சிக்னல் கம்பம் இருந்தா இடிக்கும். போகி இடைவெளியை 24 வைத்தா 1.8தான். ஆனா முனைகள் 4 ஸ்டட்டுக்கு மேல வெளியே வீசும். பெட்டி நீளத்தை 36 ஆக்கினா அதுவும் 2.25-க்கு இறங்கிடும்.

பதில் 3: பெட்டியைத் தூக்கி, போகியை விரலால திருப்பிப் பாருங்க. வாசற்படித் துண்டில் சக்கரம் உரசினாலே போதும், கதை முடிஞ்சது. எதிரெதிர் வளைவுகளுக்கு நடுவே ஒரு நேர்த்தடமாவது போடுங்க.