டிரையர் டக்ட்: புகைபோக்கியா, குழாயா, குழலா?

துணி உலர்த்தும் எந்திரத்திலிருந்து (டிரையர்) சூடான ஈரக்காற்றை வெளியே கொண்டுபோகும் வழிக்கு (டக்ட்) தமிழில் என்ன பெயர் வைப்பது? வந்த யோசனைகளும் கேள்விகளும், அவற்றுக்கு என் பதில்களும்:

> "துணி உலர்த்தியின் புகைபோக்கி" என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரிகிற சொல்.

புரிகிற சொல்தான், வம்பே அதில்தான். ராமேஸ்வரத்தில் விடுதிச் சலவைக்கூடம் ஒன்றுக்குப் 'புகைபோக்கி' என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். தகர வேலைக்காரர் சமையற்கட்டுக்குச் செய்வது போலவே செய்துவிட்டுப் போவார்: உச்சியில் குல்லா, காக்கை அணில் நுழையாமல் வாயில் கம்பிவலை, மூட்டுக்கு நாலு ஸ்குரூ. அடுப்புப் புகைக்கு அது போதும். டிரையரிலிருந்து வருவது ஈரமும் வெக்கையும், அவற்றோடு துண்டிலும் விரிப்பிலும் உதிர்ந்த பஞ்சுப் பிசிறும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்குரூ முனையில் முதல் பிசிறு சிக்கும், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தது. வலையோ சில நாளிலேயே கம்பளி போர்த்தியது போல அடைந்துவிடும். பிறகு துணி காய நேரம் இழுக்கும், எந்திரம் சூடேறும், காய்ந்த பிசிறு பற்றிக்கொள்ளும்.

> கேஸ் டிரையரில் எரிவாயு எரிந்த கழிவும் வருகிறதே. புகை என்பதில் என்ன தவறு?

வருகிறது, ஐயா. கார்பன் மோனாக்சைடும் அதில் இருக்கலாம். அதனால்தான் குழலைக் கூரை இடுக்கிலோ கட்டட உள்முற்றத்திலோ விடாமல் வெளியே கொண்டுபோக வேண்டும். ஆனால் பற்றி எரிவது பிசிறு. பெயர் அதை மறக்கடிக்கக்கூடாது.

> அப்படியானால் 'வெளியேற்றுக் குழாய்'?

குழாய் என்றதும் கடைக்காரர் பிவிசியை எடுத்து நீட்டுவார். சூட்டில் அது இளகும், தீயில் எரியும். சுருங்கி விரியும் அலுமினியத் தாள் குழாயும் வேண்டாம். அதன் மடிப்பு ஒவ்வொன்றும் பிசிறுக்கு ஒரு திண்ணை. ('ஆவிபோக்கி' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு மந்திரவாதிதான் வருவார்.)

என் பரிந்துரை உலர்த்திக்குழல். 'குழல்' என்பதை உள்பக்கம் வழவழப்பான, விறைப்பான தகரத்துக்கு மட்டும் ஒதுக்குவோம். கனம் 0.4 மி.மீ.க்குக் குறையக்கூடாது. மற்ற உறுப்புகளுக்கு:

முழங்கை: குழல் திரும்பும் இடத்தில் வரும் வளைவுத் துண்டு, 'எல்போ'. பட்டறையில் எல்போ என்றே சொல்லட்டும், கையேட்டில் முழங்கை இருக்கட்டும். வணிக டிரையர் கையேடுகள் பலவற்றில் 14 அடி நேர்க்குழல், இரண்டு முழங்கை என்பதுதான் எல்லை. அதைத் தாண்டினால் தயாரிப்பாளரின் அழுத்தக் கணக்கைப் பார்க்காமல் கை வைக்கக்கூடாது.

ஏறுமூட்டு: ஒரு துண்டின் முனை அடுத்ததற்குள் காற்றுப் போகும் திசையிலேயே நுழைய வேண்டும். ஓடு வேய்கிற கணக்குதான். திருப்பிச் செருகினால் விளிம்பு எதிர்த்து நின்று பிசிறைப் பிடிக்கும். மேலே வெப்பம் தாங்கும் அலுமினிய டேப் ஒட்ட வேண்டும். துணி டேப்பின் பசை சூட்டில் காய்ந்து உரிந்துவிடும்.

> எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய குழலாகப் போட்டால்?

வேண்டாம். பிசிறு மிதந்தபடியே வெளியேற, காற்று நொடிக்கு 6 மீட்டராவது ஓட வேண்டும். 200 மி.மீ. வாய் உள்ள எந்திரத்துக்கு 300 மி.மீ. குழல் போட்டால் பரப்பு 2.25 மடங்காகும், வேகம் பாதிக்கும் கீழே விழும், பிசிறு அடியில் படியும். எந்திரத்தின் வாயைவிடச் சிறிதாக்கினாலோ காற்று சரியாகப் போகாது.

> கடலோரத்துக்குத் தனியாக ஏதும் உண்டா?

உண்டு. மண்டபம், பாம்பன் பக்கம் வாடைக் காற்றும் கச்சான் காற்றும் மாறி மாறி அடிக்கும். குழல்வாய் காற்றைப் பார்த்து நின்றால் ஈரம் உள்ளே திரும்பும். உப்பு ஈரத்தை இழுப்பதால் பிசிறு ஊறி அப்பிக்கொள்ளும். வாயைக் கவிழ்த்து, தரையிலிருந்து 30 செ.மீ.க்கு மேல் வைக்கவும். கூரை வழியே போனால் வளைத்துக் கவிழ்த்து, கூரைக்கும் வாய்க்கும் 60 செ.மீ. விடவும். துத்தநாகம் பூசிய ஜிஐ தகரம் முதலில் துருப்பிடிப்பது வாயில்தான். கடைசித் துண்டை மட்டுமாவது உப்புக்கு ஈடுகொடுக்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்வது நல்லது.

வாயில் வலைக்குப் பதில் வாய்மடல். எந்திரம் ஓடும்போது திறக்கும், நின்றதும் தானாக விழும் தகடு அது. கீல் உப்பில் இறுகினால் பாதி திறந்தே நிற்கும், மணலும் புகும். மாதம் ஒருமுறை விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றுக்கும் சொல் வேண்டும்: அறைக்குள் புதுக்காற்று வரும் திறப்பு. கேஸ் டிரையருக்கு ஒரு கிலோவாட்டுக்கு 22 சதுர செ.மீ. தேவை. 40 கிலோவாட் எந்திரம் என்றால் 880 சதுர செ.மீ., ஏறக்குறைய 30க்கு 30 செ.மீ. ஜன்னல் கட்டை மறைக்கும் இடம் போக மிஞ்சும் திறப்புக்கே இந்தக் கணக்கு. 'உள்காற்றுச் சாளரம்' என்று எழுதினால் ஏசிக்காக அடைத்துவிடுவார்களோ என்று தயக்கம். 'மூடாச்சாளரம்' எப்படி?