எஞ்சின் ஓடாமல் வாயேஜர் எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது?

மதுரைக்காரி:
பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு இயக்க விதிகள் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன், ஒரு கேள்வி கேட்டாள். 1977 செப்டம்பரில் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இன்றும் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் போகிறது, அதைத் தள்ள எந்த எஞ்சினும் ஓடவில்லை. சைக்கிளில் மிதிப்பதை விட்டால் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடுகிறதே, அது மட்டும் எப்படி? உள்ளே விசை ஏதாவது மிச்சம் இருக்கிறதா? நிலைமம் என்ற சொல் தெரியும், புரியத்தான் இல்லை.

சிவப்புக்காய்:
விசை எதுவும் மிச்சமில்லை அக்கா, தேவையும் இல்லை. வேகத்தையோ திசையையோ மாற்றத்தான் விசை வேண்டும், போய்க்கொண்டிருப்பதற்கு வேண்டாம். வேகத்தையும் திசையையும் தானாக மாற்றிக்கொள்ளாத இந்தத் தன்மைதான் நிலைமம். பவுடர் போடாத கேரம் போர்டில் ஸ்டிரைக்கரைச் சுண்டினால் பாதியிலேயே நிற்கும், பவுடர் தூவிவிட்டு அதே அளவு சுண்டினால் எதிர்க்கட்டையில் மோதித் திரும்பி வரும். விரல் கொடுத்தது ஒன்றுதான், குறைந்தது உராய்வு. அதைக் குறைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று யோசித்தவர் கலிலியோ: சரிவில் விட்ட உருண்டை எதிர்ச் சரிவில் கிட்டத்தட்ட அதே உயரம் ஏறுகிறது, எதிர்ச் சரிவைத் தாழ்த்தத் தாழ்த்த அந்த உயரத்தை எட்ட இன்னும் தூரம் ஓடுகிறது, முழுக்கச் சமதளமாக்கிவிட்டால் அது நிற்பதற்குக் காரணமே இல்லை. நியூட்டன் 1687ல் இதைத்தான் முதல் விதியாக வைத்தார். சைக்கிளை நிறுத்துவது காற்றும் உராய்வும். வாயேஜருக்கு அங்கே சொல்லும்படியான தடை இல்லை.

வான்நோக்கி:
சரிதான், ஒன்றைச் சேர்க்கிறேன். சூரியனின் ஈர்ப்பு இன்னும் அதைப் பின்னால் இழுக்கிறது, அதனால் வேகம் மிக மிக மெதுவாகக் குறைகிறது. 1979ல் வியாழனையும் 1980ல் சனியையும் ஒட்டிப் போனபோது கிடைத்த வேகம் பெரியது, அதனால் சூரியனால் அதைத் திருப்பி இழுக்க முடியாது. அதில் சின்ன உந்திகள் உண்டு, ஆனால் இப்போது அவை ஆன்டெனாவைப் பூமியை நோக்கித் திருப்பி வைக்கத்தான்.

மதுரைக்காரி:
இப்போது பிடிபடுகிறது. அப்புறம், பஸ் சடன் பிரேக் போட்டால் நம்மை முன்னால் தள்ளுவது யார்?

யாழ்வாசி:
நிலைமத்தை நாங்கள் சடத்துவம் என்று படித்தோம். யாரும் தள்ளவில்லை அக்கா. பஸ் நிற்கிறது, தரையோடு உராய்கிற கால்களும் அதோடு நிற்கின்றன, மேல் உடம்பு மட்டும் பழைய வேகத்திலேயே போகிறது. அதை நிறுத்தத்தான் விசை வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். மோதலில் 60 கிலோ ஆள் 0.1 நொடியில் நின்றால் சராசரியாக 10,000 நியூட்டன் விசை, கிட்டத்தட்ட ஒரு டன் எடை. அதை சீட் பெல்ட் தாங்கும், கை தாங்காது. 10 கிலோ குழந்தைக்கே சுமார் 170 கிலோ எடை அளவு விசை வேண்டும், எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் நழுவிவிடும். தயவுசெய்து காரில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், குழந்தை இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள்.